கொல்லிமலையில் சிங்காரவேலர்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினோம். நாற்பதுக்குமேல் எண்ணிக்கை தவறிற்று, தலை சுற்றிற்று. மேலே போனதும் குளிர்காற்று வந்து முகத்தைத் துடைத்துவிட்டது. செம்மேட்டிலே பொதுக்கூட்டம். வல்வில் ஓரிக்குச் சிலை எடுத்திருக்கும் ஊர். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துக் கொடுத்தே கடையெழு வள்ளல்களில் ஒருவன் எனப் பெயர் பெற்றானே, அந்த ஓரி ஆண்ட மலை.

கூட்டத்திற்கு ஒலிபெருக்கி உண்டு. வண்ண விளக்கு உண்டு. வரவேற்புப் பதாகை உண்டு. அதிலே நம் படம்கூட உண்டு. ஆள்தான் இல்லை! இருந்தவர்களிலும் பாதிப்பேர் நம்மோடு அடிவாரத்திலிருந்து வண்டியில் ஏறி வந்தவர்கள். இருந்தாலும் பேசினோம். ஒரு மணி நேரம் பேசினோம். அடுக்குத் தொடருக்குப் பஞ்சமில்லை. ஏதென்சைத் தொட்டோம், ரோமைத் தொட்டோம், பிரெஞ்சுப் புரட்சியைத் தொட்டோம், நம்முடைய பழம்பெருமைகளை ஒன்று விடாமல் தொட்டோம். கை தட்டினார்கள், நம்மோடு வந்தவர்கள்.

கூட்டம் முடிந்து தேநீர்க் கடையிலே உட்கார்ந்தபோது, தோளிலே துண்டும் கையிலே பையுமாக ஒரு பெரியவர் அருகே வந்தார். மலையிலே மிளகு போட்டிருப்பவர். ஏனுங்க என்று மெல்லத் தொடங்கினார். மிளகு ஒரு வருடம் நல்ல விலை போகிறது, மறு வருடம் பாதாளத்திலே விழுகிறது. ஏன் என்று சோளக்காட்டுச் சந்தையில் வியாபாரியைக் கேட்டால் வியட்நாம் என்று ஒரு பெயரைச் சொல்கிறார். வியட்நாம் என்பது ஊரா, ஆளா, கம்பெனியா என்று கேட்டார்.

நாடு என்றோம். பிரெஞ்சுக்காரரை விரட்டிய நாடு, அமெரிக்க வல்லரசையே மண்ணைக் கவ்வவைத்த நாடு என்று குரலை உயர்த்தினோம். மேடைக் குரல், அவ்வளவு எளிதில் இறங்குமா! பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் நல்லதுதானுங்க, அந்த நாட்டுக்கும் தன் மிளகுக்கும் என்ன வழக்கு என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை, தோழர்களே! உண்மையை மறைப்பானேன்? தேநீர் ஆறிப்போயிற்று. பெரியவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நம் கிளைப் படிப்பகம் எங்கே என்று கேட்டோம். காட்டினார்கள். பூட்டு. சாவி யாரிடம் என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி. திறந்து பார்த்தால் மடக்கு நாற்காலிகள், கொடிக்கம்புகள், பழைய தேர்தல் பதாகைகள், ஒரு மூட்டை சிமெண்டு. ஏடு ஒன்றுகூட இல்லை. எழுபது வளைவுகளையும் இறங்கி வரும்போது நமக்கு ஒரு மனிதரின் நினைவு வந்தது. கொல்லிமலைக்கு அவர் வந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. கடலோரத்து மனிதர் அவர். ஆனால் அந்தத் தேநீர்க் கடையில் நமக்குப் பதில் அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெரியவர் வெறுங்கையோடு போயிருக்கமாட்டார். ம.சிங்காரவேலர்!

பெயரைச் சொன்னதும் தலையாட்டுவோம். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்றே பெயர். தென்னாட்டின் முதல் பொதுவுடைமைவாதி என்போம். அதற்குமேல் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? மாளிகைக்குப் பெயர் வைத்துவிட்டால் மனிதரைப் படிக்கவேண்டியதில்லை என்று எண்ணிவிட்டோம் போலும்!

1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18. சென்னைக் கடற்கரையை ஒட்டிய அயோத்தியாகுப்பம். மீனவர் குடும்பம். தந்தையார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. கட்டுமரம் ஏறுபவன் பிள்ளைக்குக் கல்லூரி ஏன் என்று கேட்ட காலம் அது. பையன் கிறித்தவக் கல்லூரிக்குப் போனான், மாநிலக் கல்லூரிக்குப் போனான், சட்டமும் படித்தான். 1907இல், நாற்பத்தேழு வயதிலே, சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிந்துகொண்டார். ஓய்வெடுக்க நாள் எண்ணும் வயதில் தொழில் தொடங்கிய மனிதர்! வாழ்க்கை முழுவதுமே அவருக்கு இந்தக் கணக்குத்தான். மற்றவர் முடிக்கும் இடத்தில் அவர் தொடங்குவார்.

சம்பாதித்ததை என்ன செய்தார்? நூல் வாங்கினார். நிலம் வாங்கவில்லையா, நகை வாங்கவில்லையா என்று கேட்காதீர்கள். கப்பலில் வந்து இறங்கிய புத்தகப் பெட்டிகள் அவர் வீட்டுக்குப் போயின. டார்வின், ஸ்பென்சர், மார்க்ஸ், வானநூல், உடற்கூறு, உளநூல் என்று பல்லாயிரம் நூல்கள் அந்தக் கடற்கரை வீட்டிலே அடுக்கப்பட்டிருந்தன. தனியார் ஒருவரிடம் அப்படியொரு நூலகம் அந்நாளைய சென்னையில் அரிது. ஆனால் அவர் பெருமை அதனால் மட்டும் வந்ததன்று. நூலகம் வைத்திருந்த சீமான்கள் பலர் உண்டு. கண்ணாடி அலமாரியிலே பூட்டி, விருந்தினர் வந்தால் காட்டுவார்கள். இவரோ படித்ததையெல்லாம் சுமந்துகொண்டுபோய் மூட்டை தூக்குகிறவனிடமும், நெசவாலையில் இழை முடிகிறவனிடமும், ரயில் பட்டறையில் இரும்பு அடிக்கிறவனிடமும் இறக்கிவைத்தார். இந்த ஏழைக்கு இது எங்கே புரியப்போகிறது என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அங்கேதான் அவர் நமக்கு மேலே நிற்கிறார். நாம் எண்ணுகிறோம். எண்ணுகிறோமா இல்லையா, நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்! உலக விஷயம் பேசினால் கூட்டம் கலைந்துவிடும் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு, எதிர்க்கட்சிக்காரனின் நடையையும் உடையையும் கேலி செய்துவிட்டு இறங்கிவிடுகிறோம்.

முதலில் அவர் புத்தர் நெறியில் ஈடுபட்டார். பேராசிரியர் லட்சுமி நரசு, அயோத்திதாசப் பண்டிதர் ஆகியோர் சாதியைச் சாடிப் பௌத்தம் பேசிய காலம். பிறகு காங்கிரசு. 1921இல், ஒத்துழையாமைப் போரிலே, வழக்கறிஞர் அங்கியைத் தீயில் போட்டுவிட்டு வெளியேறினார். வயது அறுபத்தொன்று.

அதே 1921இல் சென்னைப் பின்னி ஆலைகளிலே பெரும் வேலைநிறுத்தம். 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று. திரு.வி.க., சக்கரைச் செட்டியார் போன்றோரோடு சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் நின்றார். நடந்தது என்ன? ஆலைக்குள் ஒன்றாக நின்று நூல் நூற்றவர்கள் ஆலைக்கு வெளியே சாதியாகப் பிரிந்தார்கள். ஆதித்திராவிடத் தொழிலாளர் ஒருபுறம், மற்றவர் ஒருபுறம். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிகள் வெடித்தன. முதலாளிக்கு ஒரு சேதமும் இல்லை. வேலைநிறுத்தம் மடிந்தது.

இந்த இடத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுவார்கள். நாம் சற்று நிற்கவேண்டும். கூலி உயர்வு ஒன்றையே பேசும் சங்கம், சாதி என்ற ஒரே தீக்குச்சியில் எரிந்துபோகும் என்பதை அந்த நெருப்பு காட்டிற்று. பத்தாண்டுகள் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய சிங்காரவேலர் சுயமரியாதை இயக்கத்தின் வாசற்படியை மிதித்தாரே, அதற்கு வழி புளியந்தோப்பிலேதான் தொடங்கிற்று என்பது நம் கணிப்பு.

1922 டிசம்பரில் கயாவில் காங்கிரசு மாநாடு. அங்கே கூடியிருந்தவர்கள் கனவான்கள், பிரபுக்கள், பாரிஸ்டர்கள். சிங்காரவேலர் எழுந்து அவர்களைத் தோழர்களே என்று விளித்தார். உலகத் தொழிலாளர் சார்பிலே பேச வந்திருப்பதாக அறிவித்தார். மீன் பிடிக்கும் குப்பத்திலிருந்து வந்த கிழவர், உலகம் என்ற சொல்லை இவ்வளவு உரிமையோடு எடுத்துப் பேசியதைக் கேட்டுக் கதர்க் குல்லாய்கள் திரும்பிப் பார்த்தன.

அடுத்த ஆண்டு, 1923 மே முதல் நாள். இந்திய மண்ணிலே முதன்முதலாக மே நாள் கொண்டாடப்பட்டது. எங்கே? கல்கத்தாவிலா? பம்பாயிலா? இல்லை, நம் சென்னையிலே! உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். லேபர் கிசான் கட்சி, அதாவது தொழிலாளர் உழவர் கட்சி, அன்று தொடங்கப்பட்டது. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் தம் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மே நாளை விடுமுறையாக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

இன்று படிக்கும்போது இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். 1922இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நாளைக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி வரை வேலை வாங்கலாம் என்றது. அதுவே பெரிய சலுகை என்று பேசப்பட்டது! சிகாகோவிலே 1886இல் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்கள் தூக்குமேடை ஏறினார்கள் என்பதைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிக்கு யார் சொல்லியிருப்பார்? சொன்னவர் சிங்காரவேலர். உன் முதுகு வலிக்கு மருந்து சிகாகோவில் தேடப்பட்டது, பெட்ரோகிராடில் தேடப்பட்டது, நீயும் தேடு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தொழிலாளன் என்று தமிழில் ஒரு வார ஏடு, லேபர் கிசான் கெசட் என்று ஆங்கிலத்தில் ஓர் ஏடு. ஆங்கில ஏடு வெள்ளைக்காரனுக்கும் பிற மாநிலத்தவர்க்கும். தமிழ் ஏடு நம்மவர்க்கு. ஏடு வாழ்ந்தது சிறிது காலம்தான். அந்நாளில் இப்படிப்பட்ட ஏடுகள் நீண்ட நாள் வாழ்ந்ததில்லை. பணம் இருக்காது, பணம் இருந்தால் போலீசு இருக்கும்.

48 மணி நேர வாரம் சட்டமாக வந்தது 1946இல். சிங்காரவேலர் கண்மூடிய அதே ஆண்டில், அவர் போன பிறகு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், சொல்லாமல் போனால் நாம் எழுதுவதில் பொருளில்லை. 2023 ஏப்ரலில், நம்மவர் ஆட்சியிலேயே, நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடம்கொடுக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. மே முதல் நாளன்று, சென்னை மே தினப் பூங்காவிலே, அது திரும்பப்பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். திருத்திக்கொண்டது நன்று. ஆனால் நாளைக் கவனித்தீர்களா? சிங்காரவேலர் கொடியேற்றிய நாளின் நூறாவது ஆண்டு நிறைவு! அந்தப் பத்து நாட்களில் நம் கிளைகளில் எத்தனை கிளைகள் கூடி அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தன? நாமும் படிக்கவில்லை. தலைமை என்ன சொல்லும் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதைக்கு வருவோம். அந்நாளில் பெர்லினிலிருந்து எம்.என்.ராய் சிங்காரவேலருக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை முதலில் படித்தது போலீசு. 1924இல் கான்பூர் சதி வழக்கு. டாங்கே, முசாபர் அகமது, உஸ்மானி, நளினி குப்தா ஆகியோர்க்குத் தலைக்கு நான்காண்டுச் சிறை. சிங்காரவேலர் பெயரும் குற்றப்பட்டியலில் இருந்தது. கடும் நோயில் கிடந்ததால் அவரை இழுத்துப்போக முடியவில்லை, வழக்கு கைவிடப்பட்டது. நோயாளி அடங்கிவிடுவார் என்று சர்க்கார் எண்ணிற்று. மறு ஆண்டு, 1925 டிசம்பரில், எந்தக் கான்பூரின் பெயரால் வழக்குப் போட்டார்களோ அதே கான்பூருக்கு ரயிலேறிப் போய், அங்கே கூடிய பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்!

பிறகு வந்தது 1928. தென்னிந்திய ரயில்வேப் போராட்டம். நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பட்டறைகளைத் திருச்சிப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்ப்பது, சேர்க்கும் சாக்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வீட்டுக்கு அனுப்புவது என்று கம்பெனி திட்டம் போட்டது. பத்து இருபது ஆண்டுகள் சம்மட்டி பிடித்தவனை அழைத்து, உனக்கு வேலை தெரியுமா என்று தேர்வு வைத்தார்கள். ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அறுபத்தெட்டு வயது மனிதர் ரயில் பாதை நெடுகிலும் ஊர் ஊராகப் பேசினார். வண்டிகள் நின்றன. தண்டவாளத்திலே மக்கள் படுத்தார்கள். சர்க்கார் துப்பாக்கியும் தடியும் எடுத்தது. மாதம் முடிவதற்குள் போராட்டத்தை நசுக்கிவிட்டது. முகுந்தலால் சர்க்காரோடு சிங்காரவேலரும் கைது செய்யப்பட்டார். பத்தாண்டுத் தண்டனை! மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்து, 1930இல் வெளியே வந்தார்.

வெளியே வந்தபோது வயது எழுபது. கட்சி சிதறிக் கிடந்தது. தோழர்கள் பலர் மீரத்து வழக்கில் சிறையில் இருந்தார்கள். காங்கிரசோ உப்புப் போராட்டத்தில் இருந்தது. இவருக்கு அங்கே இடமில்லை. வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் சாய்ந்தது. பொதுவாழ்வே போதும் என்று திண்ணையிலே சாய்வு நாற்காலி போட்டு உட்கார இதைவிட நல்ல நேரம் ஒருவனுக்கு வாய்க்காது. அப்போதுதான் அவர் வாழ்நாளிலேயே மிகுதியாக எழுதத் தொடங்கினார். எங்கே? ஈரோட்டுக் குடிஅரசு ஏட்டிலே.

பெரியார் 1931 டிசம்பரில் கப்பலேறினார். எகிப்து, கிரேக்கம், துருக்கி, சோவியத் நாடு, செருமனி, இங்கிலாந்து, சுபெயின், பிரான்சு என்று சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். திரும்பியதும் இனி யாரையும் தோழர் என்றே அழையுங்கள் என்று எழுதினார். கயாவிலே பத்தாண்டுக்கு முன் ஒலித்த அதே சொல்! 1932 டிசம்பர் 28, 29 நாள்களில் ஈரோட்டில் தோழர்கள் கூடினார்கள். சிங்காரவேலரும் வந்திருந்தார். சமதர்மத் திட்டம் உருவாயிற்று. ஈரோட்டுத் திட்டம் என்று நம் வரலாற்றில் பேசப்படுவது அதுதான்.

அந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் குடிஅரசை எடுத்துப் பார்க்கவேண்டும், தோழர்களே! இப்போது தொகுதிகளாகவே அச்சில் வந்திருக்கின்றன. ஒரு பக்கம் புரோகிதச் சடங்கில்லாத திருமணச் செய்தி, அடுத்த பக்கம் அண்டம் எப்படி உண்டாயிற்று என்று சிங்காரவேலர் கட்டுரை. ஒரு பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் கிணறு மறுக்கப்பட்ட செய்தி, அடுத்த பக்கம் உலகப் பொருளாதார நெருக்கடி. 1929இல் நியூயார்க்கிலே பங்குச் சந்தை விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சையிலே நெல் விலை பாதியாகச் சரிந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள கயிற்றைப் பிடித்துக் காட்டியவர்கள் அந்நாளில் மிகச் சிலர். மிராசுதாரர் கடவுள் சோதனை என்றார். சோதிடர் சனிப்பெயர்ச்சி என்றார். சிங்காரவேலர் கிரகங்களைப் பற்றியும் எழுதினார், முதலாளித்துவச் சந்தையைப் பற்றியும் எழுதினார். சனிக்கோள் வானத்தில் என்ன செய்கிறது என்று அறிவியல் சொல்லிவிட்டால், நெல் விலையில் அதற்குப் பங்கில்லை என்று படிப்பவனே கண்டுகொள்வான் அல்லவா!

அவருடைய தமிழ் நடை கரடுமுரடு. அதையும் ஒப்புக்கொள்வோம். வடசொல் கலந்திருக்கும், வாக்கியம் நீண்டுகொண்டே போகும், எதுகை மோனை தேடினால் கிடைக்காது. நம் மேடைக்கு அவர் பேச்சு எடுபடாது என்று இன்றைய ஒலிபெருக்கிக்காரர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கட்டுரைகளைச் சலூனிலே ஒருவர் உரக்கப் படிக்க, முகம் மழிக்க வந்தவரும் மழிக்காதவரும் கேட்டார்கள். எழுத்தறியாதவர்கள் கேட்டார்கள். தேநீர்க் கடையிலும் பீடி சுற்றும் திண்ணையிலும் நம் இயக்கம் வளர்ந்த முறை அதுதானே! ஒருவர் படிப்பார், பத்துப்பேர் கேட்பார்கள், பதினோராமவர் எதிர்த்துக் கேள்வி போடுவார்.

பிறகு ஒரு கசப்பான கட்டம். 1933 அக்டோபரில் குடிஅரசிலே வந்த ஒரு தலையங்கத்துக்காக டிசம்பரில் பெரியாரும் தங்கை கண்ணம்மாளும் கைது செய்யப்பட்டார்கள். 1934 ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சி நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, பகத்சிங்கின் நாத்திக நூலைத் தமிழில் வெளியிட்டதற்காகவும் கைதுகள். சுயமரியாதை இயக்கத்தையே அடியோடு ஒழிக்கச் சர்க்கார் சமயம் பார்த்திருந்தது. பெரியார் சமதர்மப் பிரசாரத்தைத் தளர்த்தினார், சாதி ஒழிப்பும் சமூகச் சீர்திருத்தமும் உயிரோடு இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார், நீதிக்கட்சியை ஆதரித்தார். ஜீவானந்தம் முதலானோர் பிரிந்தார்கள். சிங்காரவேலர் இந்த மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1935இல் புதுஉலகம் என்று தனி ஏடு கண்டார்.

யார் சரி? நம் தோழர்கள் பெரியார் பக்கம் பேசுவார்கள். பொதுவுடைமைத் தோழர்கள் சிங்காரவேலர் பக்கம் பேசுவார்கள். இயக்கத்தைக் காப்பாற்றியிராவிட்டால் பின்னால் வந்த இந்தி எதிர்ப்புப் போரும் இடஒதுக்கீட்டுப் போரும் எங்கே என்று நாமும் கேட்போம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனாலும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அந்தப் பிரிவிலே நாம் இழந்தது ஒரு கிழவரை மட்டுமல்ல. சாதியையும் சந்தையையும், குப்பத்தையும் உலகத்தையும் ஒரே தாளில் வைத்துப் படிக்கும் பழக்கத்தில் பாதியை இழந்தோம். அவர்கள் சந்தையை எடுத்துக்கொண்டு சாதியை நெடுநாள் மறந்தார்கள். நாம் சாதியை எடுத்துக்கொண்டு சந்தையை வியாபாரியிடமே விட்டுவிட்டோம். நடுவிலே மிளகு மூட்டையோடு நிற்கிறார் அந்தப் பெரியவர்.

சிங்காரவேலரின் கடைசி ஆண்டுகளில் உடல் நலிந்தது, தோழர்கள் வருகை குறைந்தது. 1945இல் சென்னை அச்சுத் தொழிலாளர் மாநாட்டிலே பேச அழைத்தார்கள். எண்பத்தைந்து வயது. போனார், பேசினார். எழுத்துக் கோக்கும் தொழிலாளரிடம் கடைசிப் பேச்சு! 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் வயது எண்பத்தாறு.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கொல்லிமலைக்குப் போனோம். இம்முறை பதாகை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிட்டோம். கிளைத் தோழர்கள் சற்றே வருத்தப்பட்டார்கள். படிப்பகத்தைத் திறக்கச் சொன்னோம். சிமெண்டு மூட்டை வெளியே போயிற்று. பெரியவரை ஆள் விட்டு அழைத்துவரச் செய்தோம். வந்தார், தம் பாட்டுக்கு எட்டுப் பத்துப் பேரையும் கூட்டிவந்தார். அவர்களில் இரண்டு பேர் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய பையன்கள்.

வீட்டுப் பாடம் படித்துக்கொண்டு போயிருந்தோம். உலகத்திலேயே மிகுதியாக மிளகு விளைவிக்கும் நாடு வியட்நாம் என்றோம். போர் முடிந்தபின், தொண்ணூறுகள் தொடங்கி, அந்நாட்டின் நடு மேட்டு நிலங்களிலே மிளகும் காப்பியும் பெருந்தோட்டமாகப் பெருகின. மலைச்சரிவிலே மரத்துக்கு மரம் கொடியேற்றும் நம் முறை வேறு, அவர்கள் முறை வேறு, ஏக்கருக்கு அவர்கள் எடுப்பது பல மடங்கு என்றோம். இலங்கையோடு 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டைச் சொன்னோம். இலங்கைச் சரக்குக்குத் தீர்வை குறைவு, அதன் பெயரில் வேறு நாட்டு மிளகும் உள்ளே நுழைவதாகக் கேரளத்திலும் குடகிலும் பயிரிடுவோர் முறையிட்டார்கள், 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதியாகக்கூடாது என்று தளவிலை வைத்தது என்றோம். பெரியவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அந்த ஐந்நூறு ரூபாயில் சோளக்காட்டு வியாபாரி தமக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு, இதை வியாபாரி சொல்லவே இல்லையே என்றார்.

வியட்நாம் விவசாயி மீது அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. அங்கே விலை விழுந்தால் அவன் என்ன செய்வான் என்றுதான் கேட்டார். அவனும் கடன்காரன்தான் என்றோம். தலையாட்டினார்.

திருப்பூர்ப் பையன்களில் ஒருவன் அதுவரை வாயே திறக்கவில்லை. 2025 ஆகஸ்டிலே அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை 50 விழுக்காடாக ஏற்றியதே, அதற்குப் பிறகுதான் தன் கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்தினார்கள் என்றான். ஏன் ஏற்றினார்கள் என்று கேட்டான். ரஷ்ய எண்ணெய் வாங்கியதைக் காரணம் காட்டினார்கள் என்று தொடங்கினோம். எண்ணெய்க்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம் என்றான் மற்றவன். அது இரவு ஒன்பது மணிவரை போயிற்று. நமக்கும் பெரியவருக்கும் அந்தப் பேச்சிலே ஒரு சண்டைகூட வந்தது. மரவள்ளி வந்த பிறகுதான் மலையிலே தினையும் சாமையும் குறைந்தன, அதற்கு எந்த அமெரிக்கா காரணம் என்று மடக்கினார். சேகோ ஆலைக்காரர் கையில் ரொக்கம் கொடுத்தார், தினைக்கு யார் கொடுத்தார் என்று அவரே பதிலும் சொன்னார்.

கடைசி வண்டி போய்விட்டது. படிப்பகத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். காலையில் கிளம்பும்போது சாவியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும் என்றார் ஒரு தோழர். வேண்டாம், அவர் பாதி நாள் நாமக்கல்லில் இருப்பார் என்றார் பெரியவர். இப்போது சாவி தேநீர்க் கடையில், சர்க்கரை டப்பாவுக்கு மேலே ஆணியிலே தொங்குகிறது. அடுத்த கூட்டம் சந்தைநாள் மாலை. பிரேசிலிலே 2021 ஜூலையில் பனி கொட்டியபோது கொல்லிமலைக் காப்பிக்கு ஏன் விலை ஏறிற்று என்று கேட்டிருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கிறோம்.